புரியவில்லை என்றான் ஃபில்மோன்

எங்கள் ஆட்டக்காரர்கள் யாருக்கும் ஜெர்மன் வராது. அதாவது, நடுவர் திட்டும்போது வராது. மற்றபடி வீட்டுக்காரரிடம் மல்லுக்கு நிற்க வரும், பஸ்ஸில் பெண் பிள்ளைகளிடம் வழிய வரும், ஒருவனை ஒருவன் கிண்டல் செய்ய மிக நன்றாகவே வரும். ஆனால் நடுவர் விரலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்துவிட்டால் போதும், பதினோரு பேரும் நேற்றுதான் இந்த நாட்டில் கால் வைத்தவர்கள் ஆகிவிடுவார்கள். தோளைக் குலுக்குவார்கள். உள்ளங்கையை விரிப்பார்கள். "நான்... ஜெர்மன்... புரியல" என்பார்கள். நடுவர் தலையில் அடித்துக்கொண்டு திரும்பிப் போவார்.

இந்த வித்தையை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான். என் பெயர் ஷெஃபிகா. பொஸ்னியாவில் பிறந்து, சண்டை நடந்த காலத்தில் சின்னப் பெண்ணாக ஜெர்மனியில் எஸ்ஸன் நகரத்துக்கு வந்தவள். இந்த ஊரில் ட்ராம் ஓட்டுகிறேன். என் ட்ராம் போய் முடிகிற இடத்துக்குப் பக்கத்தில் செஞ்சாம்பல் கொட்டிய பழைய மைதானம் ஒன்று இருக்கிறது. விழுந்தால் முழங்கால் தோல் அப்படியே உரிந்து வந்துவிடும். அங்கே ஆடுகிற எங்கள் கால்பந்துக் கழகத்துக்குப் பெயரே 'கடைசி நிறுத்தம்'தான். கானா, உக்ரைன், போர்ச்சுகல், சிரியா, எரித்திரியா என்று எங்கிருந்தோ கிளம்பிக் கடைசியில் இங்கே இறங்கியவர்கள் எல்லாம் அதில் இருக்கிறார்கள். நான் பயிற்சியாளர். ஆம்பளைகள் அணிக்குப் பெண் பயிற்சியாளரா என்று முதலில் சிரித்தார்கள். நான் ஒருமுறை வாயைத் திறந்தேன், அதோடு சிரிப்பு நின்றது.

அணித் தலைவன் என் மகன் நெதிம். நடுவில் நின்று தடுத்தாடுகிறவன். அவனுக்கு இடது பக்கத்தில் ஆடுகிறவன் ஃபில்மோன், எரித்திரியாக்காரன். ஃபில்மோன் வந்த புதிதில் தங்க இடமில்லாமல் நின்றபோது நெதிம்தான் அவனை வீட்டுக்குக் கூட்டி வந்தான். ஒரு குளிர்காலம் முழுக்க நெதிமின் அறையில் தரையில் மெத்தை போட்டுப் படுத்திருந்தான். டயர் கிடங்கில் வேலை வாங்கிக் கொடுத்ததும் நெதிம்தான். என் மகனைப் பற்றி அப்போதெல்லாம் எனக்குப் பெருமை தாங்காது. இப்போது அதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

ஃபில்மோன் என் சமையலறை மேசையில் உட்கார்ந்து, உதடு அசைய அசைய ஜெர்மன் படித்தான். தேர்வெல்லாம் எழுதித் தேறினான். அதனாலோ என்னவோ, அணியில் அவன் ஒருவன் மட்டும் எங்கள் வித்தையைச் செய்ய மாட்டான்.

"கோச், நான் எவ்வளவு கஷ்டப்பட்டுப் படிச்சேன்னு நீங்களே பாத்தீங்க. தெரிஞ்சதை எதுக்குத் தெரியாதுன்னு சொல்லணும்?"

"அப்ப ரெஃப்ரி திட்டுறதைக் கேட்டுக்கிட்டே நிப்பியா?"

"திட்டினா பதில் சொல்லுவேன்."

பதிலும் சொன்னான். ஒரு நடுவரிடம் மூச்சு விடாமல் நீளமான வாக்கியம் ஒன்றைப் பேசி, ஜெர்மன் இலக்கணப்படி வினைச்சொல்லைச் சரியாகக் கடைசியில் கொண்டுபோய் நிறுத்தி, மஞ்சள் அட்டை வாங்கிக்கொண்டு வந்தான். வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை என்று அந்த நடுவரே ஒப்புக்கொண்டாராம். அதைச் சொல்லிச் சொல்லியே பயல்கள் அவனுக்குப் 'புரொஃபசர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

லியோவைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். இந்த நாட்டில் தெருப்பிள்ளை முதல் பெரிய ஆட்டக்காரன் வரை, பந்து உயரத்தில் வரும்போது, "விடு, இது என் பந்து, நான் எடுக்கிறேன்" என்பதற்குப் பதிலாக "லியோ!" என்று கத்துவார்கள். ஏன் லியோ என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். காதில் விழுந்ததும் பக்கத்தில் இருப்பவன் பந்தை விட்டு விலகிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஃபில்மோன் முதல் வாரம் என்னிடம் வந்து ரகசியமாகக் கேட்டான்.

"கோச், அந்த லியோ எப்பதான் வருவான்? எல்லாரும் அவனையே கூப்பிடுறாங்க, ஒரு நாளும் வர மாட்டேங்கிறானே?"

நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு நெதிம்தான் அவனைத் தனியாக நிறுத்தி, பந்தைத் தூக்கிப் போட்டுப் போட்டு, பின்னால் நின்று லியோ என்று கத்திக் கத்திப் பழக்கினான். "என் குரல் கேட்டா யோசிக்காதடா. விட்டுடு. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்பான். ஃபில்மோனும் அப்படியே பழகிவிட்டான்.

எதிரணிக்காரன் நம் ஆளின் பின்னால் வந்து லியோ என்று கத்தி ஏமாற்றுவதும் உண்டு. அதைவிடக் கேவலமான வேலை இந்த ஆட்டத்தில் கிடையாது. செய்தவனுக்கு மஞ்சள் அட்டை, போட்ட கோலும் செல்லாது. அதற்குப் பிறகு அவனோடு ஒரே மேசையில் பீர் குடிக்கக்கூட யோசிப்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் மைதானத்தில் நடந்தது பருவத்தின் கடைசி ஆட்டம். எதிரணி ஹைஸ்டர்புஷ். ஊருக்கு வெளியே தோட்டமும் குதிரை லாயமுமாக இருக்கிற பகுதிக்காரர்கள். நாங்கள் ஜெயித்தால் மேல் பிரிவுக்குப் போவோம். சமன் ஆனால்கூட அவர்கள் போவார்கள். எங்கள் கழகம் தொடங்கின நாளிலிருந்து கடைசிப் பிரிவிலேயே கிடந்து உழல்கிறது. போன வருடம் இதே ஹைஸ்டர்புஷ் மைதானத்தில் யாருடைய கைக்கடிகாரமோ காணாமல் போனபோது, ஒரு வார்த்தை பேசாமல் எல்லோரும் எங்கள் பைகளைப் பார்த்தார்கள். கடிகாரம் அவர்கள் காரிலேயே கிடைத்தது. ஒருவரும் வாய் திறந்து மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவர்கள் பயிற்சியாளர் டெட்லெஃப் மட்டும் வேறு மாதிரி. தடித்த உடம்பு, அமைதியான மனிதர். ஆட்டம் தொடங்குவதற்கு முன் என்னிடம் கை கொடுத்து, "நல்லா ஆடுங்க மேடம், இந்த வருஷம் உங்களுக்குக் கிடைச்சாலும் எனக்குச் சந்தோஷம்தான்" என்றார். அவர் மகன் மால்டெதான் அவர்களுக்கு முன்னணியில் ஆடினான். பத்தொன்பது வயது, கொக்குக் கால், ஓட்டத்தில் சூரன். முதல் பாதியிலேயே ஒரு மஞ்சள் அட்டை வாங்கியிருந்தான்.

கானாக்காரன் குவாபெனா ஒரு கோல் போட்டான். அதோடு ஒன்றுக்குப் பூஜ்யம் என்று இழுத்துக்கொண்டே போனோம். ஆட்டம் முடியப் போகிற நேரம். ஹைஸ்டர்புஷ்காரன் ஒருவன் பந்தைத் தூக்கி அடித்தான். அது உயரப் போய் எங்கள் பக்கம் இறங்கியது. கீழே ஃபில்மோன் நின்றான். தலையால் முட்டி வெளியே அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அவன் குதிக்கப் போன நேரத்தில் "லியோ!" என்று ஒரு கத்தல். ஃபில்மோன் சட்டென்று குனிந்து விலகினான். பந்து தரையில் பட்டு எழும்பியது. பின்னாலிருந்து மால்டெ பாய்ந்து வந்து அதைக் கோலுக்குள் தள்ளினான். நெதிம் இரண்டடி தள்ளிச் சாம்பலில் வழுக்கிக் கிடந்தான்.

நான் நின்றது மைதானத்தின் அந்தக் கோடியில். எனக்குக் குரல் கேட்டது, யார் குரல் என்று தெரியவில்லை. எங்கள் கோல்கீப்பர் ஓஸ்தாப்தான் முதலில் கையை நீட்டினான்.

"அவன்தான் கத்தினான்! அந்த ஒன்பதாம் நம்பர்! ஏமாத்திட்டான்!"

அவ்வளவுதான், எல்லோரும் மால்டெயைச் சூழ்ந்துகொண்டார்கள். "நான் இல்ல! சத்தியமா நான் வாயே தொறக்கல!" என்று அவன் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. நான் கோட்டைத் தாண்டி உள்ளே ஓடினேன். பயிற்சியாளர் உள்ளே போகக் கூடாது. போனேன். அந்தப் பையன் முகத்துக்கு நேராக விரலை நீட்டினேன்.

"உங்க வீட்ல உனக்கு இதைத்தான் சொல்லிக் குடுத்தாங்களா? பெத்தவங்க வளர்த்த லட்சணம் இதுதானா?"

அவன் அப்பாவும் ஓடி வந்து பத்தடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் சேர்த்துத்தான் சொன்னேன்.

நடுவர் விஷ்னெவ்ஸ்கி வயதானவர், நிதானமானவர். எல்லோரையும் விலக்கிவிட்டு, முதலில் தலைவன் என்ற முறையில் நெதிமைக் கேட்டார்.

"லியோன்னு கத்தினது நீயா?"

முழங்காலில் ஒட்டிய சாம்பலைத் தட்டிக்கொண்டே நெதிம், "நான் இல்ல" என்றான்.

அடுத்து ஃபில்மோன் பக்கம் திரும்பினார். "தம்பி, நீதான் பக்கத்துல இருந்தே. நல்லா யோசிச்சுச் சொல்லு. உங்க ஆளு குரலா, இந்தப் பையன் குரலா?"

ஃபில்மோன் மால்டெயைப் பார்த்தான். பிறகு நெதிமைப் பார்த்தான். நெதிம் ஷூ நாடாவைக் கட்டக் குனிந்துவிட்டான். ஃபில்மோன் தோளைக் குலுக்கி, உள்ளங்கையை விரித்தான்.

"நான்... ஜெர்மன்... புரியல."

எங்கள் பயல்களுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. புரொஃபசரும் கடைசியில் எங்கள் வழிக்கு வந்துவிட்டான் என்று எனக்கும் சிரிப்புதான் வந்தது. விஷ்னெவ்ஸ்கி காதில் கை வைத்துக் காட்டி, ஒவ்வொரு வார்த்தையாக, செவிடனிடம் பேசுவதுபோல, "குரல்... யாரு... குரல்?" என்று கேட்டார். ஹைஸ்டர்புஷ்காரர்களில் ஒருவன், "இத்தனை வருஷம் இங்க சாப்பிட்டும் ஒரு வார்த்தை கத்துக்கலையே" என்று முணுமுணுத்தான். ஃபில்மோன் அதையும் கேட்டுக்கொண்டு, மறுபடியும் "புரியல" என்றான். அவன் கழுத்து நரம்பு புடைத்திருந்ததை நான் கவனித்தேன். எதற்கு என்று யோசிக்கவில்லை.

தலைவன் இல்லை என்று சொல்லியாகிவிட்டது. பக்கத்தில் நின்றவனுக்கு மொழி தெரியவில்லை. மிச்சம் இருப்பது மால்டெ. நடுவர் கோலைத் தள்ளுபடி செய்தார். இரண்டாவது மஞ்சள் அட்டையைக் காட்டி, அதன்மேல் சிவப்பையும் காட்டினார். மால்டெ அழுதுகொண்டே வெளியே போனான். "அப்பா, நான் இல்லப்பா" என்று டெட்லெஃபிடம் சொன்னான். அவர் அவன் முகத்தைப் பார்க்காமல், "வாயை மூடு, போய் உக்காரு" என்றார்.

நாங்கள் ஜெயித்தோம். மேல் பிரிவுக்கு ஏறினோம். பயல்கள் என்னைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார்கள். நெதிமை நான் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தேன்.

ஃபில்மோன் மட்டும் அந்தக் கூட்டத்தில் இல்லை. உடை மாற்றும் அறைக்குப் பின்னால் இருக்கிற குழாயடியில், முழங்காலைக் கழுவிக்கொண்டு நின்றான். காயம் ஒன்றும் இல்லை. வெறும் முழங்காலையே கழுவிக்கொண்டிருந்தான்.

"என்னடா புரொஃபசர், இன்னைக்கு நல்லா நடிச்சியே! ரெஃப்ரி பாவம், காதைப் பிடிச்சுக்கிட்டுத் தவிச்சாரு" என்றேன்.

அவன் திரும்பவில்லை.

"ஏன்டா, மூணு வருஷமா செய்ய மாட்டேன்னவன் இன்னைக்கு மட்டும் எதுக்கு?"

"கோச், இன்னைக்கு ஒரு நாள் எனக்கு ஒண்ணும் புரியாது. என்னைக் கேக்காதீங்க, ப்ளீஸ்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் சமையலறையில் உட்கார்ந்து படித்த பிள்ளை, திட்டு வாங்கினாலும் தெரிந்ததைத் தெரியாது என்று சொல்லாத பிள்ளை, நாற்பது பேருக்கு நடுவில் தன்னைத்தானே ஊமையாக்கிக்கொண்டு நின்றிருக்கிறான். கத்தியது மால்டெயாக இருந்தால் அவன் பேர் சொல்ல ஃபில்மோனுக்கு என்ன தடை? புரியாதவனாக நடித்தது வேறு யாருக்காகவோ. மெத்தை போட்டுக் கொடுத்தவனுக்காக.

நெதிமைத் தேடிப் போய், பந்துகள் வைக்கிற சின்ன அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினேன்.

"நீயா கத்தினே?"

"எப்ப?"

"அடி வாங்காதே. நீயா?"

அவன் சுவரில் சாய்ந்துகொண்டான். "ஆமா. பழக்கத்துல கத்திட்டேன். போய் எடுத்துருப்பேன், கால் வழுக்கிடுச்சு. எழுந்திரிக்கறதுக்குள்ள ஓஸ்தாப் அவன் மேல சொல்லிட்டான்."

"ரெஃப்ரி உன்னைக் கேட்டாரே!"

"எல்லாரும் என்னையே பாத்தாங்கம்மா. இத்தனை வருஷம் உழைச்சிருக்காங்க. ஆமான்னு சொல்லி எல்லார் வாய்லயும் மண்ணைப் போடச் சொல்றியா? அவனுங்க நமக்குச் செஞ்சது கொஞ்சமா? அந்த வாட்ச் விஷயம் மறந்துபோச்சா?"

"அந்தப் பையனா வாட்சைப் பத்திச் சொன்னான்?"

"அவனுக்கு ஒரு மேட்ச்தான் போகும். அடுத்த வருஷம் மறந்துடுவான். விடும்மா."

பெற்றவர்கள் வளர்த்த லட்சணம் என்று அந்தப் பையன் முகத்தில் விரல் நீட்டிக் கேட்டேனே, அது எனக்கே திரும்பி வந்து காதில் அறைந்தது. இவனை ஓங்கி ஒன்று விடலாம் போல இருந்தது. ஆனால் விடவில்லை. அப்போதே நடுவரிடம் இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும், அதையும் செய்யவில்லை. வெளியே குவாபெனா பாடிக்கொண்டிருந்தான், ஓஸ்தாப் மேசைமேல் ஏறி ஆடிக்கொண்டிருந்தான். இன்று ஒரு நாள் போகட்டும், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். என் மகனை விட நான் ஒன்றும் உசத்தி இல்லை.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் சேர்ந்து சாப்பிடுவது எங்கள் கழகத்து வழக்கம். ஒவ்வொரு முறையும் ஒருவர் ஊர்ச் சாப்பாடு. அன்று குவாபெனாவின் முறை. அண்டா நிறையக் காரசாரமான தக்காளிச் சோறும் பொரித்த கோழியும் இருந்தது. ஹைஸ்டர்புஷ்காரர்கள் பாதிப் பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். மிச்சப் பேர் மூலையில் நின்றார்கள். விஷ்னெவ்ஸ்கி காகிதத் தட்டில் சோற்றை வாங்கி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ஃபில்மோன் கதவுக்குப் பக்கத்தில் சாப்பிடாமல் நின்றான். நெதிம் நடு மேசையில் இருந்தான்.

டெட்லெஃப் உள்ளே வந்தார். ஒரு கையில் பீர் பெட்டி. இன்னொரு கை மால்டெயின் தோளில். அவர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"மேடம், நீங்க கேட்டது சரிதான். எங்க வீட்ல நாங்க அப்படிச் சொல்லிக் குடுக்கல. ஆனா என் பையன் செஞ்சிருக்கான். போன வருஷம் அந்த வாட்ச் விஷயத்துலயும் நாங்க ஒருத்தரும் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கல. அது எனக்கு உறுத்திக்கிட்டே இருக்கு. ரெண்டுக்கும் சேர்த்து நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். இவன் அந்தத் தம்பிகிட்ட நேராக் கேப்பான்."

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். நான் தலையாட்டினேன். பெரிய மனசோடு மன்னிப்பவள் போலத் தலையாட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

மால்டெ ஃபில்மோன் முன்னால் போய் நின்றான். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. ஃபில்மோனுக்கு மொழி தெரியாது என்று நம்பியதால், சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல, தன் நெஞ்சையும் அவன் நெஞ்சையும் தொட்டுக் காட்டிப் பேசினான்.

"நான்... உன்கிட்ட... ஸாரி. நான்... லியோ... தப்பு. நீ... மன்னி."

செய்யாத தப்புக்கு, அப்பா வற்புறுத்தியதால், அந்தப் பிள்ளை தன் தாய்மொழியையே உடைத்து உடைத்துப் பேசிக்கொண்டு நின்றான். எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது. நெதிம் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.

ஃபில்மோன் மால்டெயின் கையைப் பிடித்துக் கீழே இறக்கினான்.

"நீங்க என்கிட்ட மன்னிப்புக் கேக்க வேண்டியதே இல்ல" என்றான் ஜெர்மனில், ஒரு பிழை இல்லாமல். "எனக்கு எல்லாம் புரியும். ரெஃப்ரி கேட்டதும் புரிஞ்சுது. லியோன்னு கத்தினது நீங்க இல்ல. அது எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சும் புரியலன்னு சொன்னேன். நான்தான் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

விஷ்னெவ்ஸ்கி முள்கரண்டியைக் கீழே வைத்தார். மேசைமேல் உட்கார்ந்திருந்த ஓஸ்தாப் மெதுவாக இறங்கினான்.

டெட்லெஃப் கேட்டார், "அப்ப கத்தினது யாரு?"

"அதை நான் சொல்ல மாட்டேன். கத்தினவரே சொல்லட்டும்."

எங்கள் பயல்கள் ஒருவனை ஒருவன் பார்த்தார்கள். நான் நெதிமைப் பார்த்தேன். எழுந்துவிடுவான் என்று நினைத்தேன். என் வயிற்றில் பிறந்தவன், தெருவில் நின்றவனை வீட்டுக்குக் கூட்டி வந்தவன், எழுந்துவிடுவான். அவன் எழவில்லை. தலையைக் கொஞ்சம் என் பக்கம் சாய்த்து, எங்கள் வீட்டு மொழியில், பொஸ்னியத்தில், தாழ்ந்த குரலில் பேசினான்.

"அம்மா, இங்க வேணாம். வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம். அந்தப் பையன்தான் மன்னிப்புக் கேட்டாச்சே, இதோட முடிஞ்சுது. நீ ஏதாவது சொல்லிச் சமாளி."

அந்த அறையில் அது எனக்கு மட்டும்தான் புரியும் என்று நினைத்துச் சொன்னான். ஆனால் ஒரு குளிர்காலம் எங்கள் வீட்டில் படுத்து எழுந்த ஃபில்மோனுக்கும் புரிந்துவிட்டது. அவன் தலையைக் குனிந்துகொண்டான். தப்புச் செய்தவன் அவன்தான் என்பதுபோலக் குனிந்துகொண்டான். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

"என்ன சொல்றார் உங்க பையன்?" என்று டெட்லெஃப் கேட்டார். குதர்க்கமாகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டார். சோறு இன்னும் வேண்டும் என்கிறான் என்று நான் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்.

எனக்கு நாக்கு எழவில்லை. எழுப்பினேன்.

"'அம்மா, இங்க வேணாம்'ங்கிறான்" என்றேன் ஜெர்மனில், எல்லோருக்கும் கேட்கும்படி. "'வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்'ங்கிறான். 'அந்தப் பையன்தான் மன்னிப்புக் கேட்டாச்சே, இதோட முடிஞ்சுது'ங்கிறான். என்னை ஏதாவது சொல்லிச் சமாளிக்கச் சொல்றான். சாப்பாட்டுக்கு முன்னாடியே எனக்கு இது தெரியும். தெரிஞ்சும் உங்க மன்னிப்பை வாங்கிக்கிட்டேன்."

நெதிம் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கோபம் இல்லை அதில். நான் இப்படிச் செய்வேன் என்று அவன் கனவிலும் நினைத்திருக்கவில்லை, அவ்வளவுதான். அவன் எழுந்தான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"நான்தான் கத்தினேன்" என்றான்.

"யாருக்குச் சொல்றே? அவனைப் பாத்துச் சொல்லு" என்றேன்.

அவன் மால்டெ பக்கம் திரும்பி இன்னொரு முறை சொன்னான். மால்டெ அவனைக் கண்டுகொள்ளவே இல்லை. அவன் தன் அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பா, மன்னிப்பெல்லாம் கேட்டாச்சுல்ல? நான் போலாமா?"

டெட்லெஃப் கையை அவன் தோள் பக்கம் கொண்டுபோனார். மால்டெ விலகி, பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தான். அவர் பின்னாலேயே ஓடினார். பீர் பெட்டியை எடுக்க யாருக்கும் கை வரவில்லை.

விஷ்னெவ்ஸ்கி எழுந்து வந்து, நடந்ததை மேலே தெரிவிக்க வேண்டியிருக்கும், ஆட்டத்தைத் திரும்ப ஆடச் சொன்னாலும் சொல்வார்கள் என்றார். தெரிவியுங்கள் என்றேன். எங்கள் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகத் தட்டை வைத்துவிட்டு, என்னிடமும் நெதிமிடமும் ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பினார்கள். குவாபெனா மட்டும் வாசலில் நின்று, "சொல்லிருக்கலாமேடா. திட்டிட்டு விட்டிருப்போம்" என்று நெதிமிடம் சொல்லிவிட்டுப் போனான். ஃபில்மோன் எப்போது போனான் என்று நான் பார்க்கவில்லை. எங்கள் காரில்தான் வந்திருந்தான்.

அண்டாவில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. நெதிம் விழுந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்தான். இன்னும் இரண்டு நாற்காலிகளைத் தேவையில்லாமல் ஒழுங்கு செய்தான். நான் விளக்கை அணைத்தேன். அவன் கார் சாவியை எடுத்தான். என்ன கோபம் இருந்தாலும், என்ன வெட்கம் இருந்தாலும், நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டுக்குத்தான் போயாக வேண்டும்.